விவாகமும் வீடும் சமவுரிமையும்: கல்முனைக் கரையோர முஸ்லிம் சமூகத்தை முன்வைத்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

ஒருபால் விருப்புடையோரின் உரிமை பற்றிய விவாதம் இலங்கையில் கடந்த முப்பது ஆண்டுகளில் படிப்படியாகப் பொதுவாழ்வின் பேசுபொருளாகியுள்ளது. வயதுவந்த இருவர் தம் விருப்பத்துடன் கொள்ளும் ஒருபால் உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கும் நோக்குடன் பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த 2023 ஆம் ஆண்டில் தனி உறுப்பினர் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தபோது அவ்விவாதம் கூர்மையடைந்தது. அச்சட்டமூலம் விவாக உரிமை எதனையும் கோரவில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ ஆகிய பிரிவுகளைத் திருத்துவதே அதன் நோக்கமாக இருந்தது. எனினும் அதற்கெழுந்த எதிர்ப்பின் ஒரு பகுதி குடும்பத்தின் பெயராலும் விவாகத்தின் பெயராலும் சமயத்தின் பெயராலுமே எழுந்தது. ஒருபுறம் சமயம், மறுபுறம் சமவுரிமை என இரு அணிகள் எதிரெதிரே நிற்பதான ஒரு தோற்றம் இதனால் உருவாயிற்று.

இத்தோற்றம் முழு உண்மையன்று என்பதே நமது கருத்து. விவாகம் என்பது எங்கும் எக்காலத்தும் ஒரே வடிவில் இருந்து வந்த நிறுவனமன்று. நிலம், வீடு, உழைப்பு, மரபுரிமை ஆகியவற்றோடு பிணைந்து வரலாற்றினூடே உருமாறி வந்த சமூக நிறுவனம் அது. இதனை விளக்குதற்கு மருதமுனை தொடக்கம் பொத்துவில் வரையுள்ள அம்பாறைக் கரையோரத்துத் தமிழ்பேசும் முஸ்லிம் ஊர்களை நாம் எடுத்துக்கொள்கிறோம். ஒருபால் விவாகம் பற்றிய கேள்விக்கு முன்னதாக விடைகாண வேண்டிய வேறொரு கேள்வி இவ்வூர்களின் வரலாற்றிலிருந்து தெளிவாகின்றது. தனது விருப்பமின்றி மணம்முடித்து வைக்கப்படாமல் வாழும் உரிமை ஒருவருக்கு உண்டா என்பதே அக்கேள்வி.

2

அம்பாறை மாவட்டம் 1961 ஆம் ஆண்டில் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்டது. அதன் கரையோரத்தே கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களும், சற்று உட்புறத்தே சம்மாந்துறையும் அமைந்துள்ளன. நெல் வேளாண்மை, மீன்பிடி, மருதமுனையின் கைத்தறி நெசவு, வியாபாரம் என்பன இம்மக்களின் வாழ்வாதாரங்களாக இருந்து வந்துள்ளன. அடுத்தடுத்த ஊர்களில் வாழும் தமிழ் இந்துக்களும் முஸ்லிம்களும் சமயத்தால் வேறுபட்டபோதும், தாய்வழிக் குடிமுறை என்னும் சமூக அமைப்பினை இரு சாராரும் பகிர்ந்துகொண்டனர். குடி தாயிடமிருந்தே பிள்ளைகளுக்கு வருகின்றது. ஒரே குடியைச் சேர்ந்தோர் தமக்குள் மணம்முடிப்பதில்லை. பள்ளிவாசல் நிருவாகத்தில் மரைக்காயர் பதவிகளும் மரபாகக் குடிகளின் பெயராலேயே வகிக்கப்பட்டன. முக்குவருக்கும் திமிலருக்கும் இடையே நிகழ்ந்த போரில் முஸ்லிம்கள் முக்குவருக்குத் துணைநின்றனர் என்றும், அதன் பயனாகவே அவர்களுடன் மணவுறவு கொண்டனர் என்றும் கூறும் வாய்மொழி மரபு, இவ்விரு சமூகங்களின் உறவுமுறை ஒற்றுமைக்கு மக்கள் அளித்த விளக்கமாகும். 1960களின் இறுதியில் அக்கரைப்பற்றில் கள ஆய்வைத் தொடங்கிய மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008 இல் வெளியிட்ட நூலில் இவ்வமைப்பினை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இவ்வமைப்பின் பொருளாதார அச்சாக அமைவது வீடு. விவாகத்தின்போது வீடும் வளவும், வசதியுள்ள குடும்பமாயின் வயற்காணியும், பெண்ணின் பெயருக்குச் சீதனமாக எழுதப்படுகின்றன. மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிபோகிறான். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்த பெற்றோர் இளைய பெண்பிள்ளைகளுடன் வேறொரு வீட்டுக்குப் பெயர்கின்றனர். தங்கையருக்கு வீடு கட்டி முடிக்கும் வரை தமையன் தன் விவாகத்தைத் தள்ளிப்போடுவது இவ்வூர்களில் வழமையான செய்தி. 1970களின் பிற்பகுதியில் மத்திய கிழக்கு நாடுகளின் தொழிற்சந்தை திறந்தபின்னர், வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்ற வறிய பெண்கள் தம் சீதன வீட்டைத் தாமே உழைத்துக் கட்டும் நிலையும் தோன்றிற்று.

இஸ்லாமியச் சட்டத்தின்படி விவாகத்தில் மஹர் கொடுக்க வேண்டியவன் கணவன். மரபுரிமையில் மகளுக்குரிய பங்கு மகனுக்குரியதில் பாதி. ஆனால் இக்கரையோரத்தில் பெருஞ்செல்வம் பெண்வீட்டாரிடமிருந்தே புதிய குடும்பத்துக்குச் செல்கின்றது. பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே வீடு நன்கொடையாக மகளுக்குச் சென்றுவிடுவதால், மரபுரிமை விதிகளுக்கு வேலையே பெரும்பாலும் எழுவதில்லை. இம்மக்கள் தம் சமயத்தைக் கைவிட்டவர்களல்லர். ஐந்து வேளையும் தொழுதுகொண்டே இவ்வழமையையும் பேணி வந்தனர். நிலவும் சமூக உறவுகளுக்கு ஏற்ப ஒரு சமயச் சமூகம் தன் விவாக முறையை அமைத்துக்கொண்டது என்பதே இங்கு நாம் காணும் வரலாற்று உண்மை.

இவ்வமைப்பினால் பெண்ணுக்கு விளைந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது. தன் பெயரிலுள்ள வீட்டில், தன் தாய்க்கும் சகோதரிகளுக்கும் அருகே வாழும் பெண்ணின் நிலை, கணவன் வீட்டுக்கு அனுப்பப்படும் பெண்ணின் நிலையினும் வலுவானது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையோரத்தைத் தாக்கியபின்னர் இவ்வலு எத்துணை எளிதில் பறிபோகக்கூடியது என்பது புலனாயிற்று. மீள்குடியமர்வுத் திட்டங்களில் ‘குடும்பத் தலைவர்’ என்னும் நிருவாகக் கருத்து பயன்பட்டமையால், பெண்ணின் பெயரில் இருந்த வீட்டுக்குப் பதிலாகக் கிடைத்த வீடு கணவனின் பெயருக்குப் போன நிலை கிழக்கின் பல பகுதிகளில் ஏற்பட்டது. இதனைச் செய்தது ஷரீஆவன்று. நவீன அரசின் படிவமே இதனைச் செய்தது.

ஆனால் இவ்வமைப்பின் மறுபக்கத்தையும் நாம் நோக்குதல் வேண்டும். வீடு பெண்ணுக்கு வருவது விவாகத்தின் வாயிலாகவே. மணமாகாத பெண் பெற்றோர் வீட்டின் ஒரு மூலைக்கு உரியவள். மணமாகாத ஆணுக்கோ பெரும்பாலும் அம்மூலையும் நிலையானதன்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையேயான விவாகம் இங்கு உணர்வின் நிறைவேற்றமாக மட்டும் அமையவில்லை. சொத்து ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குச் செல்லும் ஒரே வழியாகவும் அதுவே அமைந்தது. ஆகவே அதற்கு வெளியே நிற்பவர் எவராயினும், ஒருபால் விருப்புடையவராயினும், விதவையாயினும், மணத்தை வேண்டாதவராயினும், சமூகத்தில் இடமற்றவராகின்றனர். அவ்விருப்புடையோர் எம்மூர்களில் இல்லை என்பார் உளர். பேசப்படாமை இல்லாமைக்குச் சான்றாகாது. அவர்களிற் பலர் மணம்முடித்து வைக்கப்படுகின்றனர் என்பதே அவர்கள் கண்ணிற் படாமைக்குக் காரணம். அதன் துன்பத்தை அவர்கள் மட்டும் அனுபவிப்பதில்லை. ஏதுமறியாது அம்மணத்தினுள் வந்துசேரும் மற்றவரும், பெரும்பாலும் ஒரு பெண், அதனைச் சுமக்கின்றார்.

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் கவிகளைக் கற்றோர் அவற்றில் பெண்ணின் குரல் ஓங்கி ஒலிப்பதை அறிவர். மச்சானை விளித்து அவள் தன் விருப்பையும் வெறுப்பையும் பிரிவையும் ஒளிவின்றிக் கூறுகின்றாள். மணத்தை ஏற்பாடு செய்த மூத்தோரின் பேச்சில் இடம்பெறாத ஒன்று, வயலிலும் வரம்பிலும் வழங்கிய பாட்டில் இடம்பெற்றது. விருப்பம் என்பது மேற்கிலிருந்து இறக்குமதியான கருத்து எனக் கூறுவோர் இக்கவிகளை மறந்தே அவ்வாறு கூற முடியும்.

3

இத்தகைய வழமைகள் எழுத்துச் சட்டமான வரலாறு குடியேற்ற ஆட்சியின் வரலாறாகும். ஒல்லாந்தர் காலத்தில் பத்தாவியாவிலிருந்து வந்த தொகுப்பொன்றை அடியொற்றி, பிரித்தானியர் 1806 இல் கொழும்பு மாகாண முஸ்லிம்களுக்கான சட்டக்கோவையை வெளியிட்டனர். 1852 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அதனைத் தீவு முழுவதுக்கும் விரித்தது. மட்டக்களப்புப் பிரதேசத்தில் வழங்கிய முக்குவச் சட்டத்தைப் பற்றிக் கிறிஸ்தோபர் பிரிற்றோ நூலெழுதிய அதே 1876 ஆம் ஆண்டில் வெளிவந்த மரபுரிமைக் கட்டளைச் சட்டம், தாய்வழி மரபுரிமைக்கு இருந்த சட்ட ஏற்பினை இல்லாதொழித்தது. ஒரு வழமை எழுத்தில் ஏறி நிலைபெற்றது. மற்றொரு வழமை எழுத்தில் ஏறாது மறைந்தது. எது ‘சமூகத்தின் தொன்மையான சட்டம்’ எனக் கொள்ளப்படும் என்பதைத் தீர்மானித்ததில் ஆட்சியாளரின் தேர்வுக்குப் பெரும் பங்குண்டு.

1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் இவ்வரலாற்றின் தொடர்ச்சியே. இறைவனின் சட்டம், அதில் கை வைத்தலாகாது எனக் கூறுவோர் அச்சட்டத்தினுள் ‘கைக்கூலி’ என்னும் தமிழ்ச் சொல் இடம்பெற்றிருத்தலை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெண்வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் பணத்தைக் குறிக்கும் அச்சொல்லும் வழமையும் எந்த வேதநூலிலிருந்தும் வந்தவையல்ல. இந்நாட்டு மண்ணிலிருந்து வந்தவை. உள்ளூர் வழமை ஒன்றை ஏற்றுக்கொள்ள முடிந்த சட்டம், மணப்பெண்ணின் கையொப்பத்தை ஏற்றுக்கொள்ள முடியாதிருப்பது ஏன்? விவாகப் பதிவில் அவளுக்காகக் கையொப்பமிடுபவர் அவளது வலியே. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுமியின் விவாகத்தைக் காதியாரின் அனுமதியுடன் பதிவுசெய்யவும் இச்சட்டம் இடமளித்தது. காதியார் பதவிக்கு ஆண்களே தகுதியுடையர் என விதித்தது. நாட்டார் கவியில் கேட்கும் பெண்ணின் குரலுக்கு இச்சட்டத்தின் பதிவேட்டில் இடம் வைக்கப்படவில்லை.

மற்றொரு சட்டத்தின் வரலாறு இதற்கு இணையானது. 1883 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவை, 1860 ஆம் ஆண்டின் இந்தியச் சட்டக்கோவையை முன்மாதிரியாகக் கொண்டது. ‘இயற்கை ஒழுங்குக்கு மாறான’ உறவைக் குற்றமாக்கும் 365 ஆம் பிரிவும், இந்தியாவின் 377 ஆம் பிரிவும் ஒரே ஊற்றிலிருந்து பிறந்தவை. விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் ஒழுக்கக் கருத்துநிலையே அவ்வூற்று. இதற்கு மாறாக, கலீபாவின் இருக்கையாக விளங்கிய ஒட்டோமன் பேரரசு 1858 இல் இயற்றிய தண்டனைக் கோவை, பிரெஞ்சுச் சட்டத்தைப் பின்பற்றி, வயதுவந்தோரின் தனிப்பட்ட ஒருபால் உறவைத் தண்டனைக்குரியதாக்கவில்லை. இதனால் இஸ்லாமிய மார்க்க அறிஞர் அவ்வுறவை ஏற்றுக்கொண்டனர் எனப் பொருள் கொள்ளலாகாது. லூத் நபியின் வரலாற்றை அடிப்படையாகக் கொண்டு அவர்கள் அதனைப் பாவமெனவே கூறி வந்தனர். பாவமும் அரசு தண்டிக்கும் குற்றமும் ஒன்றல்ல என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது. இன்று நமது சமயப் பண்பாட்டின் காவலாகக் கருதப்படும் 365 ஆம் பிரிவை எழுதியவர் எமது ஆலிம்களோ பிக்குகளோ அல்லர்.

இவ்விரு சட்டங்களும் 1995 இல் ஒருங்கே சந்தித்தன. அவ்வாண்டில் பொது விவாகச் சட்டத்தின்கீழ் விவாக வயது பதினெட்டாக உயர்த்தப்பட்டது. முஸ்லிம் சிறுமியர்க்கு அப்பாதுகாப்பு கிட்டவில்லை. அதே ஆண்டின் 22 ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம், 365அ பிரிவில் ‘ஆண்’ எனப்பட்ட இடத்தை ‘ஆள்’ என மாற்றியது. இவ்வகையில், அதுவரை அப்பிரிவுக்கு அகப்படாதிருந்த பெண்களும் குற்றவாளிகளாகக்கூடியவராயினர். பால்சமத்துவம் என்னும் சொல் இங்கு தண்டனையைச் சமமாகப் பங்கிடுதல் என்னும் பொருளைப் பெற்றது.

4

1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 12 ஆம் உறுப்புரையில் சட்டத்தின் முன் யாவரும் சமம் எனக் கூறுகின்றது. ஆயின் அதே அத்தியாயத்தின் 16(1) ஆம் உறுப்புரை, அரசியலமைப்பு நடைமுறைக்கு வருமுன் இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லுபடியாகும் என்கின்றது. அதன்பின் இயற்றப்பட்ட சட்டங்களை நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்தும் வழியை 80(3) ஆம் உறுப்புரை அடைத்துள்ளது. 1951 ஆம் ஆண்டின் விவாகச் சட்டத்துக்கும் 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்துக்கும் காவல் ஒன்றே. தன் விவாகப் பதிவில் கையொப்பமிட முடியாத சாய்ந்தமருதுப் பெண்ணும், தன் இயல்பின் காரணமாகப் பொலிசாருக்கு அஞ்சி வாழும் கொழும்பு இளைஞனும் ஒருவரையொருவர் அறியாதிருக்கலாம். ஆனால் அவர்கள் முன் பூட்டப்பட்டுள்ள கதவு ஒன்றே.

நீதிமன்றங்கள் முற்றாக அசையாதிருந்தன எனக் கூற இயலாது. 2016 இல் இலங்கை உயர் நீதிமன்றம் 365அ பிரிவின் கீழான ஒரு குற்றத்தீர்ப்பை உறுதிப்படுத்தியபோதும், வயதுவந்தோரின் விருப்பத்துடனான உறவில் அரசு தலையிடலாகாது என்னும் சமகாலச் சிந்தனையைக் குறிப்பிட்டுச் சிறைத்தண்டனையை ஒத்திவைத்தது. 2022 இல், ரொசானா பிளேமர்-கல்தேரா தாக்கல் செய்த முறைப்பாட்டில், பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் குழு இலங்கைச் சட்டம் அவரது உரிமைகளை மீறுவதாக முடிவுசெய்தது. 2023 மே மாதத்தில், தொலவத்தவின் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர் நீதிமன்றத்தின் மூவர் அடங்கிய குழு தீர்மானித்தது. ஆனால் 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது சட்டமாகாமலே அது காலாவதியாயிற்று.

முஸ்லிம் விவாகச் சட்டத்தின் திருத்த வரலாறும் இதனையொத்ததே. 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைக்கப்பட்ட குழு, 2018 இல் அறிக்கை வழங்கியபோது இரு கூறாகப் பிளவுண்டிருந்தது. விவாக வயது, மணப்பெண்ணின் கையொப்பம், பெண் காதியார் என்பவற்றைக் கோரி வாதாடியோர் வெளியார் அல்லர். காதி நீதிமன்ற வாயில்களில் நின்று களைத்த பெண்களின் அனுபவத்தைத் திரட்டிய முஸ்லிம் பெண்களே அவர்கள்.

இந்தியாவின் அனுபவம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 2018 செப்டெம்பர் 6 ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் வயதுவந்தோரின் விருப்பத்துடனான உறவை 377 ஆம் பிரிவிலிருந்து விடுவித்தது. 2019 இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருநங்கை ஒருவரும் இந்து விவாகச் சட்டத்தின்கீழ் ‘மணமகள்’ ஆவார் எனத் தீர்ப்பளித்தது. புரோகிதரின்றி நிகழும் சுயமரியாதைத் திருமணத்தை 1967 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்ற தமிழ்நாட்டில், விவாக வடிவம் மாறக்கூடியது என்பது புதிய செய்தியன்று. எனினும் 2023 அக்டோபர் 17 ஆம் திகதி உச்ச நீதிமன்றம், விவாகம் அடிப்படை உரிமையன்று எனக் கூறி, ஒருபால் விவாகப் பிரச்சினையைச் சட்டமன்றங்களிடம் விட்டது. அவ்வழக்கில் மனுதாரர் தட்டியது 1954 ஆம் ஆண்டின் சிறப்பு விவாகச் சட்டம் என்னும் குடியியற் கதவையாகும். இலங்கை முஸ்லிம்களுக்கு அத்தகைய கதவே இல்லை. 1907 ஆம் ஆண்டின் பொது விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் முஸ்லிம்களுக்கிடையிலான விவாகத்தைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்துகின்றது. ஓர் ஆணும் பெண்ணுமாயினும், முஸ்லிம்களான இருவர் சமயச் சட்டத்துக்குப் புறத்தே மணம்புரிய வழியில்லை. இந்நிலையில் ஒருபால் விவாகம் பற்றிய அச்சத்தைக் கிளப்புவது, இல்லாத வாயிலுக்குக் காவல் நிற்பதை ஒக்கும்.

5

இத்துறையில் மார்க்சிய மரபின் பங்கையும் நாம் பாராபட்சமின்றி நோக்குதல் வேண்டும். குடும்ப வடிவங்கள் உற்பத்தி உறவுகளோடு மாறுவன என்பதை ஏங்கெல்ஸ் 1884 இல் வெளியிட்ட ‘குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்’ என்னும் நூலில் எடுத்துரைத்தார். ஜெர்மன் சமூக ஜனநாயகத் தலைவர் ஒகஸ்ட் பெபெல், ஒருபால் உறவைத் தண்டித்த 175 ஆம் பிரிவுக்கு எதிராக 1898 இல் பாராளுமன்றத்திலே பேசினார். 1922 ஆம் ஆண்டின் சோவியத் ருஷ்யத் தண்டனைக் கோவையில் அக்குற்றம் இடம்பெறவில்லை. ஆனால் ஸ்டாலின் ஆட்சியில், 1934 இல், அது மீண்டும் குற்றமாக்கப்பட்டது. சொத்துறவை மாற்றினால் மட்டும் குடும்பத்தின் கருத்துநிலை தானாக மாறிவிடும் என்னும் எண்ணம் எத்துணைப் பிழையானது என்பதற்கு இது சான்று. உரிமை தனியாகக் கோரப்பட்டு, தனியாகக் காக்கப்பட வேண்டியதொன்று.

மற்றொரு புறத்தில், சமவுரிமை என்னும் முழக்கத்தை யார் எழுப்புகின்றனர் என்னும் வினாவையும் நாம் தவிர்க்க முடியாது. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில், உணவில் மலட்டு மருந்து கலக்கப்படுகின்றது என்னும் வதந்தியின் பேரில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. 2020 இலும் 2021 இன் தொடக்கத்திலும் கொவிட் நோயால் இறந்த முஸ்லிம்களின் உடல்கள், அவர்தம் சமய முறைக்கு மாறாக, கட்டாயமாக எரிக்கப்பட்டன. 2021 அக்டோபரில் ‘ஒரே நாடு, ஒரே சட்டம்’ என்னும் பெயரில் அமைக்கப்பட்ட ஜனாதிபதிச் செயலணிக்கு, முஸ்லிம் எதிர்ப்புப் பிரசாரத்தால் அறியப்பட்ட கலகொட அத்தே ஞானசார தேரர் தலைவரானார். இத்தகைய சூழலில் தன் தனியார் சட்டத்தை இறுகப் பற்றிக்கொள்ளும் ஒரு சிறுபான்மைச் சமூகத்தைப் பழைமைவாதம் என்னும் ஒற்றைச் சொல்லால் ஒதுக்கிவிடுதல் வரலாற்று நோக்காகாது. தன்னைச் சூழ்ந்துள்ள பகைமைக்கெதிராக அது எழுப்பிய மதில் அச்சட்டம்.

எனினும் மதிலுக்குள் இருப்போர் யாவரும் சமமாகப் பாதுகாக்கப்படுகின்றனரா என்பதே வினா. பேரினவாதத்தின் ‘ஒரே சட்டம்’ சமத்துவமன்று; அது ஒரு சமூகத்தை மற்றொன்றுக்குப் பணியச் செய்யும் கருவி. அதன் உண்மை இயல்பு 365 ஆம் பிரிவு விடயத்தில் வெளிப்படுகின்றது. சிறுபான்மையினரின் வேறுபட்ட சட்டத்தைக் கண்டு வெகுண்டெழும் தேசியவாதம், எல்லாச் சமூகத்தவரையும் ஒருங்கே தண்டிக்கும் குடியேற்ற ஆட்சியின் சட்டத்தைத் தன் பண்பாடெனத் தழுவிக்கொள்கின்றது. அதனை எதிர்க்கும் சிறுபான்மைத் தலைமைகளும் இவ்வொரு விடயத்தில் அதன் அருகிலேயே அமர்ந்துவிடுகின்றன. இரு தரப்பும் கைகோக்கும் இவ்விடத்தில் நசுங்குவோர், எச்சமூகத்திலும் குரலற்ற பெண்களும் ஒருபால் விருப்புடையோருமே.

ஆகவே நம் முன்னுள்ள கடமைகள் இரண்டு. 16(1) ஆம் உறுப்புரையை நீக்கி, 365, 365அ பிரிவுகளின் பிடியிலிருந்து வயதுவந்தோரின் விருப்புறவை விடுவிக்குமாறு அரசிடம் கோருதல் ஒன்று. விரும்பும் எவரும் நாடத்தக்க குடியியல் விவாகப் பதிவொன்றையும், விவாகத்தோடு கட்டுப்படாத வீட்டுரிமையையும், சமூகத்தின் உள்ளிருந்தே வளரும் இயக்கங்களின் வாயிலாக வென்றெடுத்தல் மற்றொன்று. நிக்காஹ் என்னும் சமய ஒப்பந்தத்தின் விதிகளைக் கூறும் உரிமை மார்க்க அறிஞர்க்கே உரியதாக இருக்கலாம். அதற்குப் புறத்தே வாழ்வோரைத் தண்டிக்கும் உரிமை அதனுள் அடங்காது. ஒருபால் விவாகம் சட்டமாகும் நாள் இந்நாட்டுக்குத் தொலைவாக இருக்கலாம். ஆனால் பதினாறு வயதுச் சிறுமி பள்ளிக்கூடத்தில் இருப்பதும், மணம் வேண்டாத மகள் தன் பெயரில் ஒரு வளவு பெறுவதும், தங்கையருக்கு வீடு கட்டி முடித்த தமையன் எவருக்கும் அஞ்சாது தனக்கென ஒரு வாழ்வு அமைத்துக்கொள்வதும் அத்துணைத் தொலைவில் உள்ளவையல்ல. மகளுக்கு வீடெழுதித் தன் விவாக முறையைத் தானே வகுத்துக்கொண்ட இக்கரையோரச் சமூகம், அதனை மீண்டும் ஒருமுறை மாற்றியமைக்கும் ஆற்றலையும் தன் வரலாற்றிலேயே கொண்டுள்ளது.